காபைட் அங்கிள்

அந்த மனுசனை முதலில் எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். அவர் என்னை நித்திரை கொள்ள விடுவதில்லை.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், கீழ் வீட்டில் அம்மாவும் நானும் தம்பியும் வாடகைக்கு இருந்தோம். மேல்மாடியில் அவர் தனியாக இருந்தார். நான் கோட்டையில் ஒரு கம்பனியில் டைப் அடித்துக்கொண்டிருந்த காலம். கிழமை முழுக்க இடிபட்டு பஸ்ஸில் போய் வந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பிடி சாப்பிட்டுவிட்டு யன்னலைச் சாத்திக்கொண்டு சரிந்தால், குடைக் கம்பியால் யன்னல் பலகையில் டொக் டொக். "மிஸ், முழிச்சிருக்கீங்களா?" இவ்வளவு தட்டிய பிறகு செத்தவளும் எழும்புவாள். எழும்பி யன்னலைத் திறந்தால்தான் அந்தக் குடை அப்பால் போகும்.

யன்னலைத் திறந்து வைத்தால் கடற்காற்றோடு இரத்தம் குடிக்க நுளம்பும் வரும். அம்மா அவரிடம் முறையிட்டுப் பார்த்தா. அவர் நுளம்புத்திரி ஒரு பெட்டி வாங்கி வந்து கொடுத்துவிட்டு, யன்னல் சாத்துப்படாமல் இருக்கச் சின்ன மரக்கட்டை ஒன்றையும் செதுக்கிச் செருகிவிட்டுப் போனார். எங்கள் வீட்டு யன்னலுக்கு அவர் என்ன அதிகாரி என்று நான் குதித்தேன். அம்மா, "மனிசிமார் இல்லாத வீட்டு ஆம்பிளையளுக்கு இப்பிடி ஏதாவது ஒண்டு பிடிச்சிடும்" என்று முடித்துவிட்டா.

ஒருநாள் மழையில் அவரோடு ஒரே பஸ்ஸில் வர நேர்ந்தது. மழைக்கு எல்லாரும் ஷட்டரை இறக்கிவிட்டு அவிந்துகொண்டிருந்தோம். முன் சீட்டில் ஒரு தடித்த சிங்களப் பெரியவர் வாய் பிளந்து உறங்கினார். இவர் முதலில் பஸ்ஸில் எத்தனை தலை என்று உதட்டசைத்து எண்ணினார். பிறகு எட்டி அந்தப் பெரியவரின் தோளை உலுக்கி எழுப்பி, அவர் பக்கத்து ஷட்டரை உயர்த்திவிட்டார். சாரல் முழுக்க அந்த மனுசனின் மடியில். பெரியவர் ஏசிய ஏச்சில் பஸ்ஸே சிரித்தது. இவர் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார், ஷட்டரை மட்டும் இறக்கவில்லை. எனக்கு அவரைத் தெரியாது என்பதுபோல மற்றப் பக்கம் திரும்பி நின்றேன்.

கொட்டாஞ்சேனை ஆள், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர். அங்கே பெரியவர்கள் எந்தப் பெண்பிள்ளையையும் 'மகள்' என்றுதான் கூப்பிடுவார்கள். இவர் மட்டும் என்னை எப்போதும் 'மிஸ்'. இரத்மலானையில் வெல்டிங் வேலைக்கு காஸ் செய்யும் ஒரு தொழிற்சாலையில் கெமிஸ்டாக இருந்தார். காபைட் கல்லைத் தண்ணீரில் போட்டால் காஸ் வரும். காஸ் போன பிறகு சாம்பல் நிறத்தில் ஒரு சேறு மிஞ்சும். தொழிற்சாலைக்குப் பின்னால் பெரிய குழிகளில் அதைக் கொட்டி வைத்திருந்தார்களாம். யாராவது மதிலுக்கு வெள்ளையடிக்கக் கேட்டால் சும்மா அள்ளிக் கொடுப்பார்கள். அந்தச் சேற்றின் மணம் அவர் உடுப்பில் ஊறியிருந்தது. அவர் படியேறிப் போனால் வீடு முழுக்க உள்ளிப்பூண்டு நாறும். ஒழுங்கையில் அவருக்குப் பெயரே காபைட் அங்கிள். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். அவரைத் தேடி அலைந்த நாட்களில் எழுதிக் கொடுத்துக் கொடுத்தே அந்தப் பெயர் எனக்கு வெறுத்துப்போனது, அதனால் இங்கே எழுதவில்லை.

தம்பியின் கதையைச் சொன்னால்தான் அங்கிளின் கதை விளங்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாடு போக வந்தவன் அவன். விசா இன்று வரும் நாளை வரும் என்று இருந்தபோது ஆமி ஒழுங்கையை வளைத்துத் தேடிய ஒரு ரவுண்டப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். உள்ளங்காலில் அடித்து, அம்மா போய் வாசலில் விழுந்து அழுத பிறகு விட்டார்கள். அடுத்த முறை பிடித்தால் அம்மா அழுதும் பிரயோசனம் இல்லை என்று சொல்லித்தான் விட்டார்கள். பக்கத்து ஒழுங்கையில் அப்படி இரண்டாம் முறை போன பெடியன் திரும்பி வரவே இல்லை. ஆமிக்காரர் ஒழுங்கைக்குள் இறங்கினால் தம்பி வீட்டில் இருக்கக் கூடாது. வெளியிலும் நிற்க முடியாது. எங்களுக்கு இருந்த கவலை அந்த ஒன்றுதான். சோறு இறங்காத கவலை.

மாடிக்கு ஏறும் பலகைப் படிக்குக் கீழே தட்டுமுட்டுச் சாமான் போடுகிற ஒரு இருட்டுப் பொந்து இருந்தது. அதன் வாசலைத் தம்பி தானே கல் வைத்துக் கட்டிச் சாந்து பூசினான். குசினிப் பக்கம் நின்ற அலுமாரியின் பின்பலகையைக் கழற்றினால் மட்டும் உள்ளே தவழலாம். ஒரு வெளிச்சக் கீறுகூட வெளியே தெரியக் கூடாது என்று, படிப் பலகைகளின் இடுக்கையெல்லாம் நானும் அம்மாவும் மெழுகுதிரியை உருக்கி அடைத்தோம். எறும்பு போக வழியில்லை என்று அம்மாவுக்குச் சந்தோஷம்.

மறுநாள் வேலையால் வந்த அங்கிள் நாலு படி ஏறிவிட்டு நின்றார். இறங்கினார். மறுபடி ஏறினார். காலடிச் சத்தம் மாறிவிட்டது என்று கண்டுபிடித்துவிட்டார். நேரே குசினிக்கு வந்து, உள்ளே ஆள் வைக்கப் போகிறோமா என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா இல்லை என்று சாதித்தா. அவர் கதிரையில் இருக்கவில்லை. வெறும் நிலத்தில் அப்படியே குந்தினார். முகம் வெளிறிப்போயிருந்தது.

அன்றைக்குத்தான் அவர் சொன்னார். அந்த ஆடி மாதக் கலவரத்தில் கொட்டாஞ்சேனையில் தமிழர் கடைகள் எரிந்தபோது, ஒரு சிங்கள முதலாளி இரக்கப்பட்டுத் தன் இரும்புக் கதவு போட்ட சாமான் அறைக்குள் இவர் குடும்பத்தையும் இன்னும் பல சனத்தையும் ஒளித்து வைத்துப் பூட்டியிருக்கிறார். யன்னல் இல்லாத அறை. வெளியே கும்பல் போகும்வரை ஒருவரும் மூச்சுக் காட்டவில்லை.

"மகள் என்ட மடியில நித்திரையாகிட்டா. ஏற்கெனவே கொஞ்சம் இழுப்பு இருந்த பிள்ளை. அழாம நித்திரை கொள்றாளேன்னு நான் சந்தோஷப்பட்டேன், அக்கா. நான் கெமிஸ்ட். மூடின ரூமுக்குள்ள அவ்வளவு பேர் மூச்சு விட்டா என்ன ஆகும்னு படிச்சவன். படிச்சும் சந்தோஷப்பட்டேன்."

கதவைத் திறந்தபோது மற்றவர்கள் குடலைப் பிரட்டிச் சத்தி எடுத்துக்கொண்டு வெளியே விழுந்தார்கள். பிள்ளை மட்டும் எழும்பவில்லை. மனைவி நீர்கொழும்பில் சகோதரி வீட்டுக்குப் போனவ, அதன் பிறகு இவரோடு ஒரு சொல் பேசவில்லையாம். அம்மா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தா. நான் என் அறைக்குள் போய், செருகியிருந்த அந்த மரக்கட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரைத் திட்டிய திட்டெல்லாம் ஒவ்வொன்றாக நினைவு வந்தது.

பொந்தில் துளை போட முடியாது, வெளிச்சம் தெரியும். அப்படியென்றால் கெட்ட காற்றை உள்ளேயே பிடிக்க வேண்டும் என்றார். ஒட்சிசன் முடிவதற்கு முன்னால் நாங்கள் விடுகிற மூச்சுத்தான், அந்தக் காபனீரொட்சைட்டுத்தான், ஆளை மயக்கி விழுத்துமாம். அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சாமான் தொழிற்சாலைக் குழியில் கிடந்து வீணாகிறது என்றார். "அந்தச் சேறு பசியில கிடக்கு. நாம விடுற மூச்சத்தான் தின்னும்."

ஒரு தகர வாளியில் சேற்றைக் கொண்டுவந்து, நாற்றம் போகும்வரை தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவினார். பிறகு கஞ்சிப் பதத்தில் கரைத்து, பழைய சாக்கை அகலத் துண்டுகளாகக் கிழித்து அதில் தோய்த்தார். தோய்த்ததும் ஈரத்தோடேயே பொலித்தீனில் இறுக்கிச் சுற்றிவிட வேண்டும். ரவுண்டப் வந்தால் தம்பி உள்ளே போய் அவற்றைப் பிரித்துக் கொடியில் தொங்கவிட வேண்டும். கண் சொருகினால் எழும்பித் துண்டுகளை உதறி, விசிறியால் வீச வேண்டும். "நித்திரை வந்தா அது நித்திரை இல்ல, மகன்" என்று தம்பிக்கு ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொன்னார் என்று கணக்கில்லை.

தான் போய்ப் பார்க்காமல் தம்பியை உள்ளே விட மாட்டேன் என்றார். யன்னல் இல்லாத கடைக்குள் சீனி வாங்கவும் நுழையாத மனுசன். அலுமாரிக்கு முன்னால் நின்று சிலுவை போட்டுக்கொண்டுதான் உள்ளே தவழ்ந்தார். சாக்கு இல்லாமல் முதலில் உள்ளே இருந்தார். நான் வெளியிலிருந்து தட்ட, அவர் உள்ளிருந்து தட்ட வேண்டும். அவர் தட்டுவது மெதுவாகிக்கொண்டே போனதும் நான் பயந்து பலகையைப் பிடுங்கினேன். வியர்த்து ஊற்றி, தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து குசினித் தொட்டியில் சத்தி எடுத்தார். அடுத்த நாள் சாக்குகளைத் தொங்கவிட்டுக்கொண்டு போனார். அன்று நான் தட்டித் தட்டிக் கைதான் நொந்தது. கடைசியில் அவரே அலுத்துப்போய், மாதா பாட்டு ஒன்றை உள்ளேயிருந்து முணுமுணுக்கத் தொடங்கினார். அவர் பாடி நாங்கள் கேட்டது அன்று மட்டும்தான்.

அதன் பிறகு அவர் சட்டைப் பையில் ஒரு சின்ன விநாகிரிப் போத்தல் இருக்கும். சாக்கு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சொட்டு விடுவார். சும்மா இருந்தால் உயிர் இருக்கிறது. நுரைத்துப் பொங்கினால், வெளிக்காற்றைத் தின்று தின்று கரும்பலகையில் எழுதுகிற வெறும் சோக்காகிவிட்டது, இனி உதவாது. எப்போதும் சொட்டு விடுவார், எப்போதும் சும்மா இருக்கும். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போகும்.

இனி நடந்ததற்கு அம்மாவை யாரும் குறை சொல்ல வேண்டாம். அவ யாழ்ப்பாணத்து மனுசி. ஈரமாகக் கிடந்து பூஞ்சணம் பிடிக்கும் எதையும் அவவால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நான் வேலைக்குப் போன ஒரு நல்ல வெயில் நாளில், பொந்தைக் கூட்டித் துடைக்கப் போனவ, பொலித்தீனுக்குள் அந்தச் சாக்குகள் ஈரம் கசிந்து கிடப்பதைக் கண்டிருக்கிறா. பெடியன் இதுக்குள்ளே இருந்தால் சளி பிடிக்குமே என்று எல்லாவற்றையும் பிரித்து, ஒவ்வொன்றாகக் கொடியில் காயப்போட்டா. கீழே பாயில் மோர்மிளகாய், மேலே சாக்கு. பின்னேரம் மடித்துப் பழையபடி பொலித்தீனில் சுற்றியும் வைத்துவிட்டா.

அங்கிள் வந்து சொட்டு விட்டார். பொங்கியது. அடுத்ததில் விட்டார். பொங்கியது. கொடியில் கிடந்த கிளிப்புகளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மா, "என்ன, நல்லாக் காய்ஞ்சுதா?" என்று கேட்டா. அவர் போத்தலை மூடிப் பையில் போட்டார். கடைசியில் எனக்கு மட்டும், புதுச் சேறு கொண்டுவர வேண்டும் என்றார். மறுநாளே திரீவீலரில் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து மேல் விறாந்தையில் இறக்கினார். அவசரத்தில் நிறையக் கொண்டுவந்துவிட்டார். வீடு மட்டுமில்லை, ஒழுங்கையே நாறியது. கழுவத் தொடங்கினார், முடிக்கக் கிடைக்கவில்லை.

விடிகிற நேரம் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் ஆமி ட்ரக் வந்து நின்றது. தம்பி அலுமாரிக்குள் நுழைந்துவிட்டான். அங்கிள் மேலேயிருந்து ஓடி வந்தார். கையில் அப்போதுதான் தோய்த்த, கழுவாத சேற்றுச் சாக்குகள் கொஞ்சம். முழங்கை வரைக்கும் சாம்பல் வெள்ளை. ஒவ்வொன்றாக உள்ளே நீட்டிவிட்டுப் பலகையை அடித்துச் சாத்தினார். "இது காணாது, மிஸ், கொஞ்ச நேரத்துக்குத்தான்" என்று என் காதுக்குள் சொன்னார். கையைக் கழுவினார், நிறம் போனது, நாற்றம் போகவில்லை. அம்மா அந்த நாற்றத்தை மறைக்க அடுப்பை மூட்டி, உள்ளியை உரித்துத் தாச்சியில் போட்டு வதக்கத் தொடங்கினா. என்ன நடந்துவிட்டது என்று அப்போது அவவுக்கு விளங்கியிருக்க வேண்டும். எண்ணெயைத் தாச்சிக்கு வெளியே ஊற்றினா.

எங்கள் கெட்ட காலம், முன்னறையில் மேசையும் ஃபானும் இருந்தன. ஒழுங்கைச் சனத்தின் அடையாள அட்டையெல்லாம் பார்ப்பதற்கு அந்தப் பெரிய அதிகாரி எங்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்துவிட்டார். வந்து தேடிவிட்டுப் போய்விடுவார்கள் என்றுதான் நாங்கள் கணக்குப் போட்டிருந்தோம். வெயில் ஏறியது. சனம் வரிசையில் வந்துகொண்டே இருந்தது. நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அலுமாரி குசினியில் நின்றது. தட்டவும் முடியாது, கிட்டப் போகவும் முடியாது, குசினி வாசலில் ஒருவன் துவக்கோடு நின்றான். உள்ளே தம்பி உயிரோடு இருக்கிறானா, இல்லையா?

அங்கிள் சுவரோரம் நின்றார். அவருடைய முறை வந்தபோது அடையாள அட்டை மேலே இருப்பதாகச் சிங்களத்தில் சொன்னார். ஒருவன் அவரோடு ஏறினான். அவர் ஒவ்வொரு படியிலும் குடையை ஊன்றி, சப்பாத்துக் காலை ஓங்கி வைத்து ஏறினார். அப்படியே இறங்கினார். அட்டையைக் காட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, வேலைத்தலக் கடிதம் இருக்கிறது, எடுத்து வரட்டுமா என்றார். ஏறினார், இறங்கினார். பிறகு கண்ணாடி. பிறகு பிறஷர் குளிசை. மூன்றாம் முறையில்தான் எனக்கு விளங்கியது. படிக்குக் கீழே தம்பியின் தலை. அங்கிள் அவனை எழுப்பிக்கொண்டிருந்தார்.

போதும் என்று கண்ணால் கெஞ்சினேன். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. கைக்குட்டை வேண்டும் என்று மறுபடி கிளம்பினார். அதிகாரி பேனையை வைத்துவிட்டு அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். இந்த மனுசனுக்கு மேலே அப்படி என்ன இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றார்.

மூட்டைகளைக் கண்டார்கள். வாளிகள், ஈரச் சாக்கு, நாறும் சாம்பல் மண், கெமிஸ்ட் என்று எழுதிய கடிதம். குண்டு செய்கிற சாமான் என்று ஒருவன் மேலேயிருந்து கத்தினான். அங்கிள் இறங்கி வந்து, அது வெள்ளையடிக்க என்றார். எதற்கு என்று கேட்டார் அதிகாரி. நத்தாருக்கு என்றார். கிறிஸ்மஸுக்கு இன்னும் எத்தனையோ மாதம் கிடந்தது. அதிகாரி அவர் கன்னத்தில் அறைந்தார். கண்ணாடி போய்க் கதிரைக்குக் கீழே விழுந்தது. உண்மையைச் சொன்னால் அவர் தப்பியிருப்பார். எங்கள் கண் முன்னால் அத்தனை அடிக்கும் அந்த மனுசனின் வாயிலிருந்து வந்தது 'நத்தார்' மட்டும்தான்.

மூட்டைகளைத் தூக்கிக் காட்டச் சொல்லி அவரை இன்னொரு முறை மேலே ஏற்றி இறக்கினார்கள். குடையைப் பறித்துவிட்டார்கள். அப்போதும் ஒவ்வொரு படியிலும் காலை ஓங்கி ஓங்கி வைத்துத்தான் இறங்கினார். வாசலில் திரும்பி என்னைப் பார்த்தார்.

"மகள், நாங்க போனதும் யன்னலெல்லாம் திறந்து விடுங்க. ஒருத்தரும் நித்திரை கொள்ளக் கூடாது."

அப்படி என்னைக் கூப்பிட்டது அந்த ஒருமுறைதான். ஆமிக்காரன் ஒருவன் அவர் பிடரியில் தள்ளினான். ட்ரக் போனது, அதிகாரியும் எழும்பிப் போனார். நானும் அம்மாவும் அலுமாரிப் பலகையை நகத்தால் பிடுங்கினோம்.

தம்பி முழங்காலில் தலை வைத்துக் குந்தியிருந்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஆனால் கண் திறந்திருந்தது. கையில் ஒரு சாக்குத் துண்டு, அதை இன்னும் உதறிக்கொண்டிருந்தான். இழுத்து வெளியே போட்டோம். சத்தி எடுத்து முடித்து முதலில் கேட்டது, "அங்கிள் எங்க? கண் சொருகுற நேரமெல்லாம் அவற்ற குடை தலையில இடிச்சது." அம்மா சுவரில் தலையை மோதி அழத் தொடங்கினா.

தம்பி பிறகு வெளிநாடு போய்ச் சேர்ந்துவிட்டான். பனி கொட்டுகிற நாட்டில் யன்னலைத் திறந்து வைத்துப் படுக்கிறானாம், மனைவி குளிரில் விறைத்துப்போய் எனக்கு ஃபோன் பண்ணி முறையிடுகிறாள். கொஞ்சம் பொறுத்துக்கொள் பிள்ளை என்று சொல்வேன். அம்மா அதன் பிறகு மோர்மிளகாய் போடவில்லை. யாராவது கேட்டால் வெயில் சரியில்லை என்பா.

அங்கிளைத் தேடி நாங்கள் போகாத இடமில்லை. ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் அந்தப் பெயரை எழுதிக் கொடுத்தோம். நீர்கொழும்பிலிருந்து அவர் மனைவியும் வந்தா. அவரோடு பேசாத மனுசி, என் கையைப் பிடித்த பிடி விடவில்லை. கடைசியாக ஒரு முகாம் வாசலில், அப்படி ஒரு ஆள் அங்கே கொண்டுவரப்பட்டார் என்பதை மட்டும் ஒத்துக்கொண்டார்கள். பார்க்க முடியாது, சாப்பாடு கொடுக்க முடியாது, எப்போது விடுவார்கள் என்று கேட்கவும் கூடாது. வேறு என்ன தெரிய வேண்டும் என்று காவலில் நின்றவன் எரிச்சலோடு கேட்டான். பக்கத்தில் இன்னொருவன், தம்பியின் வயதுதான் இருக்கும், துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான்.

"ஏ காமரே ஜனேலயக் தியெனவாத?" என்று கேட்டேன். அந்த அறைக்கு யன்னல் இருக்கிறதா?

எரிச்சலோடு கேட்டவன் வாய்விட்டுச் சிரித்தான். சின்னவன் சிரிக்கவில்லை. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தான். அங்கிளின் மனைவி சிங்களம் தெரியாதவ. என்ன சொன்னான், என்ன சொன்னான் என்று என் கையை உலுக்கினா. இருக்கிறதாம், பெரிய யன்னலாம், கடற்காற்று வருமாம் என்று சொல்லி அவவைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.